பிங்க் புத்தகத்தை நீங்களே படியுங்கள்: தோட்டப்புறத்தில் பாதுகாப்பான பேறுகாலத்துக்கு ஒரு வழிகாட்டி

பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டுக்கு மருமகளாக வந்தவர்கள், தோட்ட வேலைக்காகக் குடும்பத்தோடு குடிவந்தவர்கள், முதல் பிள்ளையைச் சுமப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இந்த வட்டாரத்தில் மிஸியாக (தாதியாக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இங்கே அரசாங்க கிளினிக் இருக்கிறது, மாவட்ட ஆஸ்பத்திரியும் இருக்கிறது. மகப்பேறு நிபுணர் பார்க்க வேண்டிய பிரசவம் என்றால் பொதுவாக ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். டவுனிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தோட்டத்தின் உள் டிவிஷனில் இருப்பவர்களுக்கு, செம்மண் ரோட்டைத் தாண்டி டவுனுக்கு வருவதற்கே தனி நேரம் பிடிக்கும்.

குழந்தைக்கோ தாய்க்கோ பிரசவத்தில் பாதிப்பு வந்தால், "லேபர் ரூமில் ஏதோ தப்பாகிவிட்டது" என்று சொல்லி விடுகிறோம். சில நேரம் அது உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். குழந்தையின் ஒரு கை தூக்க முடியாமல் தொங்குகிறது. ஏன்? தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டது, வெளியே எடுக்கும்போது கழுத்து நரம்பு இழுபட்டது. தோள் ஏன் மாட்டியது? குழந்தை நாலரைக் கிலோ. ஏன் அவ்வளவு எடை? அம்மாவுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை. அது ஏன் முன்பே தெரியவில்லை? சீனித் தண்ணீர் குடித்து இரத்தம் கொடுக்கச் சொன்ன நாளில் அவர் கிளினிக்குக்குப் போகவில்லை.

மலேசியாவில் 1991 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியாக ஆராய்கிறார்கள். அதிக இரத்தப்போக்கு, இரத்த அழுத்தம், நுரையீரலுக்குப் போகும் இரத்தக் கட்டி, முன்பே இருந்த இருதய நோய் போன்ற காரணங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் பலவற்றுக்கு முன்னறிகுறி உண்டு. அது உங்கள் கைப்பையில் இருக்கும் பிங்க் புத்தகத்தில், அதாவது கிளினிக்கில் தரும் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தில், ஒரு எண்ணாக எழுதப்பட்டிருக்கும். அதை மிஸிக்கும் டாக்டருக்கும் மட்டும் உரிய புத்தகம் என்று நினைக்காதீர்கள். நீங்களும் படியுங்கள், வீட்டுக்காரரையும் படிக்கச் சொல்லுங்கள்.

12 வாரத்துக்குள் பதிந்துகொள்ளுங்கள்

நாள் தள்ளிப்போனது உறுதியானதும் கிளினிக்குக்குப் போங்கள். "மூணு மாசம் முடியட்டும், அதுவரை வெளியே சொல்ல வேண்டாம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. மிஸிக்குச் சொல்லியாக வேண்டும். ஐசி (அடையாள அட்டை), கணவரின் ஐசி நகல், திருமணப் பதிவுச் சான்றிதழ், கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதி, நீங்கள் சாப்பிட்டு வரும் மருந்துகள், இவற்றை எடுத்துப் போங்கள். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்து இன்னும் குடியுரிமை இல்லாதவர்கள் கடவுச்சீட்டும் விசா பக்கமும் கொண்டு போக வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. ஆஸ்பத்திரியில் முன்பணம் எவ்வளவு என்பதை முதல் மாதங்களிலேயே விசாரித்து, அந்தப் பணத்தை ஒதுக்கி வையுங்கள். கட்டணத்துக்குப் பயந்து கடைசி நிமிடம் வரை வீட்டில் இருப்பதுதான் பெரிய ஆபத்து.

முதல் நாளே இரத்தம் எடுப்பார்கள். இரத்தத்தின் அளவு (ஹீமோகுளோபின்), இரத்தப் பிரிவு, எச்ஐவி, சிபிலிஸ், ஹெப்பாடைடிஸ் பி எல்லாம் பார்ப்பார்கள். எச்ஐவி பரிசோதனை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், எல்லாருக்கும் செய்வதுதான். இரத்தப் பிரிவில் "நெகட்டிவ்" என்று வந்தால் கவனமாக இருங்கள். மலாய், சீன இனத்தவரைவிட நம்மவர்களிடையே இது கூடுதலாகக் காணப்படுகிறது. தாய் நெகட்டிவாகவும் குழந்தை பாசிட்டிவாகவும் இருந்தால், தாயின் உடம்பு அடுத்த குழந்தையின் இரத்தத்தை எதிர்க்கத் தொடங்கலாம். அதைத் தடுக்க ஆன்டி-டி என்ற ஊசி இருக்கிறது. கருக்கலைந்தாலும், இடையில் இரத்தம் பட்டாலும்கூட அந்த ஊசி தேவையா என்று கேட்க வேண்டும்.

பழைய கதையை ஒளிக்காதீர்கள். முன்பு கலைந்த கரு, கலைத்த கரு, இறந்து பிறந்த குழந்தை, ஆபரேஷன், வலிப்பு, ஆஸ்துமா, இருதயத்தில் "ஓட்டை இருந்தது, சின்ன வயசிலேயே சரியாகிவிட்டது" என்ற சமாசாரம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் இருப்பதால் சொல்ல முடியவில்லை என்றால், "மிஸி, தனியாகப் பேசணும்" என்றால் போதும், அவரை வெளியே உட்காரச் சொல்லிவிடுவோம்.

புத்தகத்தின் நடுப் பக்கம்

ஒவ்வொரு முறையும் நிரப்பப்படும் அட்டவணைப் பக்கம்தான் முக்கியம். ஒரு வரி, ஒரு வருகை. வரிசையாகத் தேதி, எத்தனை வாரம், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும், இரத்த அளவு, எடை, இரத்த அழுத்தம், கால் வீக்கம், கர்ப்பப்பை உயரம், குழந்தை படுத்திருக்கும் நிலை, இருதயத் துடிப்பு, அசைவு என்று வரும்.

இரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் அது சாதாரணம் இல்லை. மேலே உள்ள எண், கீழே உள்ள எண், இரண்டில் எது தாண்டினாலும் கேளுங்கள். அவசரமாக மோட்டாரில் வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்ததும் எடுத்தால் கூடுதலாகக் காட்டும்தான். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மறுபடியும் அதே எண் வந்தால் "வெயிலில் வந்ததால்தான்" என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அதே வரியில் சிறுநீர்ப் புரதம் 1+ அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் வெளியேற வேண்டாம். முந்திய பிரசவத்தில் இரத்த அழுத்தம் ஏறியவர்கள், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ ஏற்கனவே உள்ளவர்கள் போன்றோருக்கு 12 வாரத்துக்குப் பிறகு டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதுவது உண்டு. "அது இருதய நோயாளி சாப்பிடும் மாத்திரையாச்சே" என்று பயந்து பலர் டப்பாவிலேயே வைத்துவிடுகிறார்கள். வலிப்பில் கொண்டுபோய் விடும் அந்த இரத்த அழுத்தத்தைத் தடுக்கத்தான் அது. சாப்பிடுங்கள்.

இரத்த அளவு 11க்குக் கீழே போனால் இரத்தசோகை. பிரசவத்தில் எல்லாருக்கும் இரத்தம் போகும். 12 உள்ளவர் தாங்கிக்கொள்ளும் இழப்பை 8 உள்ளவரால் தாங்க முடியாது. கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். ஆனால் அதை எதனுடன் விழுங்குகிறோம் என்பதில்தான் கோளாறு. தோட்டத்தில் காலை, பத்து மணி, சாயங்காலம் என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தேநீர் ஓடும். தேநீரோடோ பாலோடோ விழுங்கினால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். வைட்டமின் சி மாத்திரை அல்லது எலுமிச்சைத் தண்ணீரோடு விழுங்கினால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போவது இயல்பு. வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் வேறு மாத்திரை கேளுங்கள்.

கர்ப்பப்பை உயரத்தை அளக்கும் நாடாவைக் கவனியுங்கள். 24 வாரத்துக்குப் பிறகு சென்டிமீட்டர் எண்ணும் வார எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக வரும். 32 வாரத்தில் 28தான் இருக்கிறது என்றால் குழந்தை சரியாக வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். 36 என்றால் குழந்தை பெரிதா, நீர் அதிகமா, இரட்டையா என்று பார்க்க வேண்டும். 36 வாரத்துக்குப் பிறகும் தலை கீழே திரும்பவில்லை என்றால் எங்கே, எப்படிப் பிரசவம் என்பதை ஆஸ்பத்திரியில் முடிவு செய்ய வேண்டும். வயிற்றைத் தடவிக் குழந்தையைத் திருப்பிவிடுகிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள். அதை ஸ்கேன் பார்த்து, குழந்தையின் இருதயத் துடிப்பைக் கண்காணித்து, உடனே ஆபரேஷனுக்குப் போக வசதியுள்ள இடத்தில் நிபுணர் மட்டுமே செய்யலாம்.

புத்தகத்தின் அட்டையில் ஒட்டியிருக்கும் நிறத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளை என்றால் மிஸி பார்க்கலாம். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் 48 மணி நேரத்துக்குள் நிபுணரிடம் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. நிறம் ஒவ்வொரு வருகையிலும் மாறலாம். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள் என்றால் ஏன் என்று அன்றே கேட்டுவிடுங்கள். சிவப்பு வந்தால் "வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துக்கிட்டு வரேன் மிஸி" என்று கிளம்ப வேண்டாம், துணியை யாராவது பிறகு கொண்டு வரட்டும்.

சீனித் தண்ணீர் நாள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கிறேன், ஏனென்றால் நம் பெண்களிடையே சர்க்கரை அதிகம், தவறவிடுபவர்களும் அதிகம். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது சர்க்கரை, உங்கள் எடை கூடுதல், முந்திய குழந்தை 4 கிலோவுக்கு மேல், முந்திய கர்ப்பத்தில் சர்க்கரை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பதிந்த உடனேயே இந்தச் சோதனை. அதில் சரியாக வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை. எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் 25 வயதைத் தாண்டியவர்கள் 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு முறை செய்ய வேண்டும்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 8 முதல் 10 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், காலையில் பசியாறாமல் போக வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம். முதலில் ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் தருவார்கள். தொண்டையில் ஒட்டும் அளவுக்கு இனிப்பாக இருக்கும், சிலருக்குக் குமட்டும். சிறிது சிறிதாக, ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். வாந்தி வந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், இன்னொரு நாள் தருவார்கள். அப்புறம் இரண்டு மணி நேரம் நடமாடாமல் உட்கார்ந்திருந்து மறுபடி இரத்தம். வெறும் வயிற்றில் 5.1 mmol/L அல்லது அதற்கு மேல், இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 7.8 அல்லது அதற்கு மேல், இரண்டில் ஒன்று வந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரை.

வந்துவிட்டால் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். தட்டில் சோற்றைக் குறைத்து, காய்கறியையும் மீனையும் கூட்டுங்கள். தே தாரிக், மைலோ, பாக்கெட் பானம், சூசு பால் (இனிப்பான டின் பால்) போட்ட எதுவும் இந்தச் சில மாதங்களுக்கு வேண்டாம். விரலில் குத்திப் பார்த்த அளவை உண்மையாக எழுதுங்கள். மிஸி திட்டுவார் என்று பயந்து நல்ல எண்ணாக எழுதி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை நம்பி டாக்டர் மருந்தை முடிவு செய்கிறார், பாதிப்பு வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு. இன்சுலின் எழுதினால் போட்டுக்கொள்ளுங்கள், அது குழந்தையைப் பாதிக்காது. பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து இதே சோதனையை மறுபடி செய்வதையும் விட்டுவிடாதீர்கள்.

வேலை இடத்தில்

மருந்து அடிக்கும் வேலை, உரம் போடும் வேலை, கனமான பழக் குலை தூக்கும் வேலை, மூன்றையும் கர்ப்பம் தெரிந்த அன்றே விட வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்துவிட்டது. அதனால் மற்ற மருந்துகள் ஆபத்தில்லாதவை என்று ஆகிவிடாது. மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) வாய்வார்த்தையாகச் சொல்வதோடு, கிளினிக் டாக்டரிடம் வேலை மாற்றம் கேட்டுக் கடிதம் வாங்கி ஆபீசில் கொடுங்கள். வீட்டுக்காரர் மருந்து அடிப்பவர் என்றால் அவருடைய வேலை உடுப்பை நீங்கள் துவைக்க வேண்டாம்.

சட்டப்படி 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். பிரசவத்துக்கு முந்திய 9 மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருந்து, கடைசி 4 மாதத்தில் எப்போதாவது அவரிடம் வேலையில் இருந்திருந்தால், சம்பளத்தோடு கிடைக்கும். ஏற்கனவே ஐந்து பிள்ளைகள் இருந்தால் இந்தப் பிரசவ விடுப்புச் சம்பளம் கிடையாது. பேறு தேதிக்கு முந்திய 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். கணவருக்கும் 7 நாள் விடுப்பு உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 30 நாள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். குத்தகைக்காரர் கீழ் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

எங்கே பிரசவம், எந்த வழியில் போவது

முதல் பிரசவம், முன்பு ஆபரேஷன், இரட்டைக் குழந்தை, சர்க்கரை, இரத்த அழுத்தம், ஐந்துக்கு மேற்பட்ட பிரசவம், இவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரி என்பதை 36 வாரத்துக்குள் டாக்டரிடம் எழுத்தில் வாங்கி, புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். வீட்டிலேயே, பயிற்சி இல்லாதவர் கையில் பிரசவம் என்ற யோசனையே வேண்டாம். இரத்தப்போக்கு தொடங்கினால் 30 கிலோமீட்டர் என்பது மிக நீண்ட தூரம்.

அப்புறம் வழி. செம்பனைப் பழம் திருட்டுப் போவதால் பல தோட்டங்களில் இரவு கேட் பூட்டப்படும். சாவி ஜாகாவிடம் (காவலாளியிடம்) இருக்கும். எட்டாம் மாதத்திலேயே ஜாகாவிடமும் ஆபீசிலும் சொல்லி, அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கிக் கதவில் ஒட்டி வையுங்கள். மழை பெய்தால் எந்த ரோடு முழுகும், எந்த வழியில் வண்டி வரும் என்று கணவர் ஒரு முறை ஓட்டிப் பார்க்கட்டும். இரண்டு பேர் வண்டி தரச் சம்மதித்திருக்க வேண்டும், ஒருவர் போதாது. 999ஐ அழைத்தால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது தமிழ்ப்பள்ளி, எந்தக் கேட், இவற்றைச் சொல்ல வேண்டும். ஒரு ஆளை டார்ச்லைட்டோடு கேட்டில் நிறுத்துங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் போகும் முன் இங்குள்ள மிஸியிடம் ஊரையும் விலாசத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள், போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள கிளினிக்கில் புத்தகத்தைக் காட்டுங்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு மாதம் யாரும் பார்க்காமல் விடுபடும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த மாதம் பெரும்பாலும் எட்டாம் அல்லது ஒன்பதாம் மாதம். இரத்த அழுத்தம் ஏறுவதும் அப்போதுதான்.

இவை வந்தால் காத்திருக்க வேண்டாம்

28 வாரத்திலிருந்து குழந்தையின் அசைவைத் தினமும் எண்ணுங்கள். புத்தகத்தில் அதற்கென்றே கட்டம் போட்ட பக்கம் இருக்கிறது. காலை 9 மணிக்குத் தொடங்கி, பத்தாவது அசைவு எத்தனை மணிக்கு என்று குறிக்க வேண்டும். இரவு 9 மணிக்குள் பத்து வரவில்லை என்றால் அன்றிரவே ஆஸ்பத்திரி. வழக்கமாகப் பதினொரு மணிக்குள் பத்து வந்துவிடும் குழந்தை ஒரு நாள் மத்தியானம் வரை அடங்கியே இருந்தால், ஒன்பது மணிக்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள். "இனிப்பு சாப்பிட்டுப் பாரு, ஐஸ் தண்ணி குடிச்சுப் பாரு" என்று சொல்வார்கள். அதில் நேரம் போக்க வேண்டாம்.

மிஸிகள் பெரும்பாலும் மலாய் பேசுபவர்கள். அவசரத்தில் மொழி வராமல் நிற்பவர்களுக்காக, மனப்பாடம் செய்துகொள்ள:

குழந்தை அசைவு குறைந்துவிட்டது: பாயி குராங் கெராக்.
பனிக்குடம் உடைந்துவிட்டது: ஆயிர் கெத்துபான் பெச்சா.
நிறைய இரத்தம் போகிறது: பாஞாக் டாரா.
தலைவலி, கண் மங்கல்: சாக்கிட் கெப்பாலா, மாத்தா காபுர்.
மூச்சுத் திணறல்: செசாக் நாபாஸ்.

பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். துணி அல்லது பேடில் நிறத்தைப் பாருங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளே மலம் கழித்திருக்கிறது, அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மருந்துக்கு அடங்காத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகம் வீங்குவது ஆகியவை இரத்த அழுத்தத்தின் அறிகுறிகள். கெஸ்திரிக் என்று நினைத்துக் கடை மருந்து வாங்கிக் குடிக்காதீர்கள். உள் தோட்டத்தில் இருப்பவர்கள், பத்து நிமிடத்துக்கு இரண்டு முறை வலி வரும்போதே கிளம்புங்கள். முன்பு ஆபரேஷன் ஆனவர்கள் வலி தொடங்கியவுடன் கிளம்ப வேண்டும். வலியே வராமல் பேறு தேதியும் அதற்கு மேல் 7 நாளும் தாண்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

இந்தப் பட்டியலில் எது வந்தாலும் மாமியார் கோயிலிலிருந்து வரட்டும், கணவர் வேலை முடிந்து வரட்டும் என்று நிற்க வேண்டாம். வீட்டில் யாரும் இல்லாதபோது கிளம்பும் அதிகாரம் உங்களுக்கு உண்டு என்பதை ஏழாம் மாதத்திலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். "அத்தை, அப்படி ஏதாவது ஆனா நான் போன் பண்ணிட்டு உடனே போயிடுவேன்" என்று முன்பே சொல்லிவிட்டால் அன்று தகராறு வராது.

லேபர் ரூமில்

கணவரோ அம்மாவோ உள்ளே கூட இருக்கலாமா என்று முன்பே கேட்டு வையுங்கள், பல ஆஸ்பத்திரிகளில் அனுமதி உண்டு. கூட இருப்பவர் கேள்வி கேட்பதற்காகவும் இருக்கிறார். வயிற்றில் பட்டி கட்டிக் குழந்தையின் துடிப்பைப் பதிவு செய்வார்கள். "துடிப்பு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். வலி கூட்டும் மருந்து டிரிப்பில் ஏற்றினால், ஏன் ஏற்றுகிறார்கள், அதன் பிறகு துடிப்பைத் தொடர்ந்து பார்க்கிறார்களா என்று கேளுங்கள். வலி இடைவெளி இல்லாமல் வந்துகொண்டே இருந்தால் உடனே மணியடித்துச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஆக்சிஜன் கிடைப்பது அந்த இடைவெளியில்தான். கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும் முன் முக்க வேண்டாம். யாரும் வயிற்றின் மேல் ஏறி அழுத்த வேண்டாம். உங்களுக்குச் சர்க்கரை இருந்தாலோ குழந்தை பெரிது என்று சொல்லியிருந்தாலோ, உள்ளே வந்தவுடன் அங்கிருப்பவருக்கு அதைத் திரும்பச் சொல்லுங்கள். ஷிப்ட் மாறினால் புதியவரிடம் இன்னொரு முறை சொல்லுங்கள். தோள் மாட்டினால் உங்கள் இரண்டு முழங்காலையும் மார்புப் பக்கம் மடக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். சொன்னதும் செய்யுங்கள், இடுப்பில் வழி கிடைக்கும்.

பஞ்சாங்கம் பார்த்து ஆபரேஷன் தேதி கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரம் முடியும் முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. 39 வாரம் முடிந்த பிறகு வரும் நல்ல நாளைப் பாருங்கள்.

பிரசவம் ஆனதும் தொடையில் போடும் ஊசி, கர்ப்பப்பையைச் சுருக்கி இரத்தப்போக்கைக் குறைக்கும். தையல் போட்ட பிறகு, கிழிசல் எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். ஆசனவாய்த் தசை வரை போயிருந்தால் தனி மருந்தும் பிறகு பரிசோதனையும் தேவை. சில மாதம் கழித்துக் காற்றோ மலமோ அடக்க முடியவில்லை என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், சிகிச்சை இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

மிஸி வீட்டுக்கே வருவார், முதல் சில நாள் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு. நாயைக் கட்டி வையுங்கள், வீட்டு எண்ணைச் சரியாகக் கொடுங்கள்.

பத்தியத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லாதவை நிறைய உண்டு. பூண்டு, முருங்கைக்கீரை, சுறாப் புட்டு எல்லாம் சாப்பிடுங்கள். தண்ணீர் குடிக்கக் கூடாது, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பதை மட்டும் ஏற்காதீர்கள். பிரசவமான உடம்பில் இரத்தம் எளிதில் உறையும். தண்ணீர் குறைந்து, அசையாமல் படுத்திருந்தால் காலில் இரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று நெஞ்சு அடைத்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் நனைந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படியே. உறங்க முடியாமல், காரணமில்லாமல் அழுகை வந்து, பிள்ளை மேல் ஒட்டுதல் இல்லாமல் இருந்தால் அதையும் மிஸியிடம் சொல்லுங்கள்.

குழந்தையின் மஞ்சள் காமாலை மூளையைப் பாதிக்கக்கூடியது, முழுக்கத் தடுக்கக்கூடியதும் கூட. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது அவசரம். பிறகு வந்தால் மிஸி சொன்ன நாளில் குதிகாலில் இரத்தம் எடுக்கக் கொண்டு போங்கள். காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று நாள் கடத்த வேண்டாம், அது சிகிச்சை இல்லை. பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு பார்ப்பார்கள்; சில பொருள்கள் பட்டால் இரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கூடும் பிறவிக் குறை அது. குறைபாடு உள்ள குழந்தையைச் சில நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்ப்பார்கள். அந்த வீட்டில் அலமாரியிலும் குழந்தைத் துணியிலும் அந்துருண்டை இருக்கவே கூடாது. நாட்டு மருந்தும் கொடுக்கக் கூடாது. சாம்பிராணிப் புகையை எந்தக் குழந்தைக்குமே காட்ட வேண்டாம்.

பாதிப்பு வந்துவிட்டால்

முதலில் சிகிச்சை. கை தொங்கும் குழந்தைக்குப் பிசியோதெரப்பியை முதல் வாரங்களிலேயே தொடங்க வேண்டும். மூன்று மாதத்தில் முழங்கையை மடக்க வரவில்லை என்றால் நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். பிறந்தபோது மூச்சுத் திணறிய குழந்தைக்கு உடம்பைக் குளிர்விக்கும் சிகிச்சையை 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும் என்றால் கையெழுத்துப் போடத் தாமதிக்காதீர்கள்.

அதன் பிறகு, என்ன நடந்தது என்று டாக்டரிடம் உட்கார்ந்து விளக்கம் கேளுங்கள். கேட்பது உரிமை, கோபப்பட வேண்டியதில்லை. பிங்க் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். மருத்துவ அறிக்கைக்கு எழுத்தில் விண்ணப்பித்து, ரசீது வாங்குங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் ஆஸ்பத்திரியின் பொது உறவுப் பிரிவிலும், சுகாதார அமைச்சிலும், டாக்டர் மீதான புகார் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்திலும் கொடுக்கலாம். வழக்கு என்று யோசித்தால் அரசாங்க ஆஸ்பத்திரி மீது 36 மாதத்துக்குள் தொடுக்க வேண்டும், அதனால் வழக்கறிஞரை முதல் வருடத்திலேயே பாருங்கள். குழந்தைக்கு நீண்ட காலப் பாதிப்பு என்று டாக்டர் உறுதி செய்தால், சமூக நலத் துறையில் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்குப் பதிந்து, பக்கத்தில் உள்ள பிடிகே (சமூக மறுவாழ்வு) மையத்தில் இடம் கேளுங்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் அதே கிளினிக்குக்கு வாருங்கள், மிஸி நிரப்பித் தருவார்.